ஆறு பெட்டிகளும் ஒரு ‘டக்’ சத்தமும்

சென்ற மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான் ஓய்வு பெற்ற பின் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் பேசினார். “எலிப் பெட்டிகளின் பின்பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ‘மாற்றுவதென்றால் ஆறையும் மாற்று, இல்லையேல் ஒன்றையும் தொடாதே’ என்று இருக்கிறது. எதை மாற்றுவது, ஏன் தொடக்கூடாது?”

தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவருக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியது ஒன்றரைப் பக்கம். அதில் விட்டுப்போனவற்றையும் சேர்த்து இதைத் தமிழில் எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சுருக்கமானது. சுன்னாகத்தில் ரேடியோ திருத்தப் பழகினேன். எண்பதுகளில் லண்டன் வந்து பெற்றோல் நிலையத்தில் நின்றேன், பேக்கரியில் மாவு குழைத்தேன், மாலை வகுப்பில் எலெக்ட்ரோனிக்ஸ் படித்தேன். ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் துறைக்குத் தொழில்நுட்ப உதவியாளர் தேவை என்று விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் பழுதான ஒரு டேப் ரெக்கோடரைக் கையில் தந்தார்கள். கேள்வி கேட்டு முடியுமுன் அது ஓடத் தொடங்கியது. அவ்வளவுதான். இருபது வருடம் அந்தக் கட்டடத்தின் நிலவறையில் கழிந்தது.

என் வேலையை வெளியாருக்கு விளக்குவதுதான் கடினம். சனிக்கிழமைகளில் மகளை ஹரோவில் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப் போவேன். அங்கே காத்திருக்கும் தகப்பன்மாரில் ஒருவர் கேட்டார்.

“அண்ணைக்கு எங்கை வேலை?”

“எலியள் படிக்கிற பள்ளிக்கூடத்தில.”

“பகிடி விடாதேங்கோ. என்னத்தைப் படிக்குதுகள்?”

“பெடலை அமத்தினால் பால் வரும் எண்டு.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “என்ர பெடியனுக்கும் அப்பிடி ஒரு பெட்டி செய்து தர ஏலுமோ?”

“ஏலும். கடிச்சுப்போட்டு வெளியில வந்தால் நான் பொறுப்பில்லை.”

உண்மையில் விஷயம் அவ்வளவுதான். தான் செய்யும் செயலுக்கு என்ன விளைவு கிடைக்கிறதோ அதைப் பார்த்து விலங்கு அந்தச் செயலைக் கூட்டும் அல்லது குறைக்கும். இதற்கு உளவியல் புத்தகங்களில் நீளமான பெயர் இருக்கிறது. எங்கள் நிலவறையில் இதைப் படிக்கத் தேவைப்பட்டவை ஒரு பெட்டி, ஒரு பெடல், ஒரு சொட்டுப் பால், ஒரு எலி. எலி பெடலை அமத்தினால், அதாவது அழுத்தினால், பால் வரும். ஒருநாள் பாலை நிறுத்திவிடுவோம். அதன் பிறகும் எத்தனை தடவை அமத்துகிறது, எப்போது கைவிடுகிறது என்று எண்ணுவோம்.

இதற்கென்று கம்பனிகள் செய்து விற்கும் பெட்டி ஒன்றின் விலைக்கு ஓடக்கூடிய ஒரு பழைய காரே வாங்கலாம். எங்கள் துறைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஆறு பெட்டிகளையும் நானே செய்தேன். இரண்டாயிரத்துக்குப் பின் வந்த முதல் சில வருடங்கள் அவை. சுவர்களுக்கு, ஹவுன்ஸ்லோவில் கடைப் பெயர்ப்பலகை செய்பவர் வெட்டிக் கழித்த அக்ரிலிக் துண்டுகள். தரைக்கு, ரெய்னர்ஸ் லேன் பாத்திரக் கடையில் வாங்கிய கேக் ஆறவைக்கும் கம்பித் தட்டு. பெடலுக்கு ஒரு எவர்சில்வர் கரண்டியின் காம்பு. காம்பின் அடியில் ஒரு சிறு காந்தம். கதவு அலாரத்தில் வரும் காந்த சுவிட்ச் அதன் கீழே. இந்த சுவிட்ச் சத்தமே போடாது. பால் தள்ளுவதற்கு, கார்க் கண்ணாடிக்குத் தண்ணீர் பீச்சும் பம்ப். சுவிட்சுக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன இரும்பு நாக்கு. அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணினி ஒன்று எல்லாவற்றையும் எண்ணியது.

முதற் பெட்டியை பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியில் செய்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். எலி அதன் மூலையைத் தின்று அரைமணி நேரத்தில் வெளியே வந்து என் சப்பாத்து நாடாவை ஆராய்ந்தது.

என் மேலதிகாரியின் பெயர் ஹெலன். கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஆனால் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பார். சபாநாதன் என்ற என் பெயரின் பின்பாதியை மட்டும் எடுத்து ‘நேதன்’ ஆக்கியிருந்தார். நான் அவரை ஹெலன் என்று கூப்பிட இரண்டு வருடம் பிடித்தது. அவர் பேசியது ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. புதிதாக யார் வந்தாலும், மாணவரோ பேராசிரியரோ, கணினியைத் தொட விடமாட்டார். ஒரு பென்சிலும் தாளும் கொடுத்து, சிவப்பு விளக்கில் ஒரு மணி நேரம் ஒரு எலியைப் பார்த்து அது செய்வதையெல்லாம் எழுதச் சொல்வார். எழுதியதை வாங்கி, நின்றபடியே படிப்பார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. “‘எலி யோசித்தது’ என்று எழுதியிருக்கிறாய். யோசிப்பதை எங்கே பார்த்தாய்? மீசை அசைந்ததா, தலை திரும்பியதா? அதை எழுது.” என் முதல் தாளை மூன்று தடவை திருப்பித் தந்தார்.

நாளாந்த ஒழுங்கு என்னுடையது. காலை எட்டேகாலுக்கு எலிகளை நிறுப்பேன். ஒரு பங்கு ரின்பாலுக்கு, அதாவது தகரத்தில் வரும் கெட்டிப்பாலுக்கு, இரண்டு பங்கு வெந்நீர் கலந்து ஆறவைப்பேன். புது எலிக்கு முதல் நாள் பெடலே கிடையாது. பம்ப் உறுமினால் கிண்ணத்தில் பால் இருக்கும் என்று மட்டும் தெரியவேண்டும். இரண்டாம் நாள் வீட்டு அழைப்புமணிப் பொத்தான் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருவேன். எலி பெடலின் பக்கம் திரும்பினால் நான் பொத்தானை அமத்துவேன், பால் வரும். பிறகு நெருங்கினால்தான் பால். பிறகு முகர்ந்தால்தான். பிறகு கால் வைத்தால்தான். பெரும்பாலும் நாற்பது நிமிடத்தில் எலி தானே அமத்தத் தொடங்கிவிடும். அந்த முதல் அமத்தலைக் காணும்போது ஒவ்வொரு முறையும் எனக்குச் சிரிப்பு வரும். எலியும் நானும் ஒரே நேரத்தில் தேர்வில் சித்தியடைந்தது போல.

மாலினி மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி. அங்கே அரசாங்கப் புலமைப் பரிசில். குறித்த தேதிக்குள் பட்டத்தோடு திரும்பினால் விரிவுரையாளர் வேலை. திரும்பாவிட்டால் வேலையும் இல்லை, பரிசிலையும் நீட்டமாட்டார்கள். அதை அவள் முதல் வாரமே சொல்லிவிட்டாள். எலிகளுக்கு எண் போதும் என்று நான் சொன்ன பிறகும், லக்சா, ரோஜாக், செண்டோல் என்று ஊர்ச் சாப்பாட்டுப் பெயர்களை வைத்தாள்.

அவளுடைய கேள்வி நல்ல கேள்வி. எலிகளில் ஒரு குழு பெரிய கூட்டில் ஏணி, குழாய், ஏறி ஓடினால் சுற்றும் சில்லு என்று விளையாட்டுச் சாமான்களோடு வளர்ந்தது. மற்றக் குழு வெறுங்கூட்டில். பால் நின்ற பிறகு எந்தக் குழு அதிக நேரம் விடாமல் முயலும்?

இனி என் பிழைக்கு வருகிறேன். அது இரண்டு துண்டாக நடந்தது, இரண்டையும் நல்லெண்ணத்தோடுதான் செய்தேன்.

முதல் துண்டு: நான்கு, ஐந்து, ஆறாம் பெட்டிகள் பக்கத்து அறைச் சுவரோடு இருந்தன. அந்த அறையில் இருந்த விரிவுரையாளர், நாள் முழுவதும் சுவருக்குள் யாரோ விரல் சொடுக்குகிறார்கள் என்று முறையிட்டார். ரிலேயின் ‘டக்’ சத்தம்தான். நான் அந்த மூன்று பெட்டிகளிலும் ரிலேயைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாத ட்ரான்சிஸ்டர் போட்டேன். மற்ற மூன்றும் எதிர்ச் சுவரில் இருந்ததால் தொடவில்லை. வேலை செய்வதை ஏன் கழற்ற வேண்டும்?

இரண்டாம் துண்டு: எந்த எலி எந்தப் பெட்டியில் என்று மாலினி கலந்து ஒரு பட்டியல் தந்திருந்தாள். அப்படிச் செய்தால் ஒரு குழுவின் வாசனை மற்றதில் படாமல் ஒவ்வொரு முறையும் பெட்டியைத் துடைத்துக் காயவிட வேண்டும். எனக்கு அந்தப் பட்டியல் கண்ணை உறுத்தியது.

“மாலினி, விளையாட்டு எலியளை ஒண்டு, ரெண்டு, மூண்டில விடுவம். மற்றதுகளை நாலு, அஞ்சு, ஆறில. வாசமும் கலக்காது. நீல ஸ்டிக்கர், மஞ்சள் ஸ்டிக்கர். பாக்கவும் வடிவா இருக்கும்.”

“ஆறு பெட்டியும் ஒரே மாதிரிதானே அங்கிள்?”

“ஓம், ஒரே கையால செய்தது.”

“அப்ப ஓகே லா. எனக்கும் வேலை மிச்சம்.”

ஹெலன் அந்த மாதம் வெளிநாட்டில் இருந்தார். இருந்திருந்தால் இது நடந்திராது.

முடிவு வந்தபோது மாலினி காகிதத்தை ஆட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள். விளையாட்டுச் சாமான்களோடு வளர்ந்த எலிகள் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு நேரம் அமத்திக்கொண்டே இருந்தன. விளையாடி வளர்ந்தவை விடாமுயற்சியுள்ளவை. செய்தித்தாளில் வரக்கூடிய முடிவு. மாலினி மூன்று அத்தியாயங்களை எழுதி முடித்தாள். எனக்கும் என் பெட்டிகளைப் பற்றிப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமைதான் என்னைக் காட்டிக் கொடுத்தது. இன்னொரு பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் மலிவுப் பெட்டிகளைப் பார்க்க வருகிறார்கள் என்றார்கள். எப்படி விளக்குவது என்று ஒத்திகை பார்க்க, பால் நிறுத்திய எலிகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, பென்சிலோடு உட்கார்ந்தேன். ஐந்தாம் பெட்டியில் இருந்த எலி அமத்தியது, கிண்ணத்துக்கு ஓடியது, முகர்ந்தது, வெறுமை. நாலைந்து தடவை இப்படி. பிறகு மூலையில் போய் முகம் கழுவத் தொடங்கியது.

இரண்டாம் பெட்டியில் ரோஜாக். அமத்தினான். கிண்ணத்துக்குப் போகவில்லை. காதை நிமிர்த்தி அப்படியே நின்றான். திரும்ப அமத்தினான், திரும்பக் காது நிமிர்ந்தது. நான் ‘காது பின்சுவரின் பக்கம்’ என்று எழுதினேன். ஹெலன் பழக்கிவிட்டபடி, பார்த்ததை மட்டும். எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான் எனக்கும் அது கேட்டது. டக். டக். டக்.

பால் நிறுத்துவதென்றால் நான் பம்பின் இணைப்பைத்தான் கழற்றுவேன். ரிலே தன் பாட்டில் வேலை செய்யும். அந்த எலிக்கு வாரக்கணக்காக ‘டக்’ என்றால் பால். பால் நின்ற பின்பும் ‘டக்’ நிற்கவில்லை. அது பாதிச் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தது. சத்தமில்லாத பெட்டியில் இருந்த எலிக்கு அதுவும் இல்லை. அது நியாயமாகவே வேலையை விட்டது. இதில் ஏணிக்கும் சில்லுக்கும் எவ்வளவு பங்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

அன்று மாலை மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் என் நாட்குறிப்பைப் புரட்டினேன். ரிலே கழற்றிய நாள், பெட்டி எண்கள், ஸ்டிக்கர் ஒட்டிய நாள், எல்லாம் ஒன்பது நாள் இடைவெளியில், அழகான கையெழுத்தில் இருந்தன. ஒன்றையும் எழுதாமல் விடவில்லை. எழுதிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் தவறியிருந்தேன்.

மனைவி கௌரி விமான நிலையத்துக் கடையில் வேலை முடித்து வந்து தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

“அந்தப் பிள்ளை எழுதி முடிச்சிட்டாளோ?”

“மூண்டு அத்தியாயம்.”

“வேற ஆருக்கும் தெரியுமோ?”

“ரோஜாக்குக்குத் தெரியும்.”

“அது ஆர்?”

“எலி.”

கௌரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “காலமை போனவுடனை சொல்லுங்கோ. நாலாவதை எழுத முதல் சொல்லுங்கோ. நான் கேக்கை ஓவனுக்கை வைச்ச பிறகு முட்டை பழுது எண்டு சொன்ன ஆளெல்லே நீங்கள்.”

காலையில் மாலினியை நிலவறைக்குக் கூட்டி வந்து, ஒன்றும் சொல்லாமல், இரண்டாம் பெட்டிக்கு முன் உட்கார வைத்துப் பென்சிலைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“அங்கிள், ஒன்னு, ரெண்டு, மூனு மட்டுமா?”

“ஓம். மற்ற மூண்டிலயும் நான் கழட்டிப்போட்டன். பிழை என்ர. பட்டியலை மாத்தச் சொன்னதும் நான்தான்.”

“நானும் ஓகே சொன்னேன்ல.” சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். “இன்னும் நாலு மாசம்தான் இருக்கு அங்கிள். ஊர்ல அம்மா இப்பவே எல்லார்கிட்டயும் டாக்டர் மகள்னு சொல்லிட்டாங்க.” கண்ணைத் துடைத்தாள். பிறகு பெட்டியைப் பார்த்து, “ரோஜாக், நீயாச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாம் லா,” என்றாள்.

இருவருமாக ஹெலனிடம் போனோம். அவர் நின்றபடியே கேட்டார். என் நாட்குறிப்பின் இரண்டு பக்கங்களை மொழிபெயர்க்கச் சொன்னார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது, “எலியின் காது எந்தப் பக்கம் திரும்பியது?” என்பது மட்டும். சொன்னேன். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அது எனக்குத் திட்டைவிடப் பயமாக இருந்தது.

“இதை அப்படியே எழுதி ஒப்படைக்க முடியாது,” என்றார். “அடுத்த பரிசோதனைக்கென்று இரண்டு விதக் கூடுகளிலும் வளர்கிற எலிகள் எத்தனை?”

“இருபத்துநான்கு.”

“அடுத்த பரிசோதனையை விட்டுவிடுவோம். அவற்றை இதற்கு எடுக்கலாம். புதிதாக ஒரு எலியும் வேண்டாம். விலங்குப் பரிசோதனை அனுமதிப் பத்திரத்தில் மாற்றத்தை நான் எழுதிக் கேட்கிறேன், காரணத்தையும் உள்ளபடியே எழுதுவேன். நேதன், ஆறு பெட்டிக்கும் ரிலேயைத் திரும்பப் போடுவாயா, ஆறிலும் கழற்றுவாயா?”

நான் கழற்றுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தபோது மாலினி குறுக்கிட்டாள். “ரெண்டும் வேண்டாம். மூன்று பெட்டியில் சத்தம், மூன்றில் இல்லை. அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு குழுவிலும் பாதி எலி சத்தத்தோடு, பாதி சத்தமில்லாமல். அப்போது எது எலியால், எது பெட்டியால் என்று தெரியும்.”

ஹெலன் எழுந்து நின்றார். அவர் எழுந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தப் பத்து வாரங்கள் என் வேலைக் காலத்தில் மிக மும்முரமானவை, மகிழ்ச்சியானவையும்கூட. எந்த எலி எந்தப் பெட்டிக்கு என்று ஒரு பிஸ்கற் ரின்னில் சீட்டுப் போட்டுக் குலுக்கினோம். ஸ்டிக்கர்களை உரித்துவிட்டேன். நாளுக்கு நாலு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் ஆறு பெட்டிகளையும் துடைத்துக் காயவிட்டேன். எந்த வேலையைத் தவிர்க்கப் பார்த்தேனோ அதே வேலை. சுவரும் ஒரு காரணமாகிவிடாதபடி வாரந்தோறும் பெட்டிகளை இடம் மாற்றினோம். ஆகவே பக்கத்து அறை விரிவுரையாளரிடம் போய், சுவரோரப் பெட்டிகளில் மறுபடி சொடுக்கு வரும், பத்து வாரம் பொறுக்க வேண்டும் என்று காரணத்தோடு விளக்கினேன். முறையிட்டதற்காக அவர் வெட்கப்பட்டார். பிறகு இடைவேளைகளில் எட்டிப் பார்த்து, “இன்றைக்கு எவ்வளவு சொடுக்கினார்கள்?” என்று கேட்கத் தொடங்கினார்.

ஹெலன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை மூன்று மணிக்கு வந்து, கணினியைப் பாராமல், பென்சிலோடு ஒரு பெட்டிக்கு முன் உட்கார்ந்தார். ஆம், உட்கார்ந்தார்.

முடிவு செய்தித்தாளில் வரக்கூடியது அல்ல. சத்தம் கேட்ட எலிகள், எந்தக் கூட்டில் வளர்ந்திருந்தாலும், நெடுநேரம் அமத்தின. சத்தம் கேளாதவை சீக்கிரம் விட்டன. ஏணியும் சில்லும் ஒரு சின்ன வித்தியாசம் செய்தன. சின்னதுதான், ஆனால் உண்மையானது. மாலினி முதல் மூன்று அத்தியாயங்களில் ஒன்றைத் தூக்கிப் போட்டாள், ஒன்றைத் திருத்தினாள். நடந்த பிழையை முதற் பட்டியலிலிருந்து ரோஜாக்கின் காது வரை ஒரு அத்தியாயமாகவே எழுதினாள். தேதி முடிய ஒன்பது நாள் இருக்கும்போது வாய்மொழித் தேர்வு வைத்தார்கள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வட இங்கிலாந்துக்காரர், உயரமானவர், சிரிக்காதவர் என்று பெயர் எடுத்தவர். தேர்வு தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, சத்தமுள்ள பெட்டி ஒன்றும் இல்லாத பெட்டி ஒன்றும் மேலே வேண்டும் என்று ஆள் அனுப்பினார். நான் இரண்டையும் தள்ளுவண்டியில் கொண்டுபோய் மேசையில் வைத்து இணைத்தேன். மாலினி நேராக உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

தேர்வாளர் மூடியைத் திறந்து சத்தமில்லாத பெட்டியின் பெடலை விரலால் இரண்டு தடவை அமத்தினார். “பால் இல்லை,” என்றார். அடுத்த பெட்டிக்கு வந்தார். டக். திரும்ப அமத்தினார். டக். “அந்த முதல் முடிவை யாரும் சந்தேகித்திருக்கமாட்டார்கள். பிழையை ஏன் நீங்களே சொன்னீர்கள்?” என்று மாலினியைப் பார்த்துக் கேட்டார். டக். டக். மாலினி பதில் சொல்லத் தொடங்கினாள். என்னைப் போகலாம் என்று ஹெலன் கண்காட்டினார். கதவைச் சாத்தும்போதும் தேர்வாளரின் விரல் பெடலில்தான் இருந்தது.

கீழே வந்து பால் பாத்திரங்களைக் கழுவினேன். கழுவியவற்றைத் திரும்பவும் கழுவினேன். முக்கால் மணி நேரத்தில் படியில் மாலினியின் ஓட்டச் சத்தம் கேட்டது.

“அங்கிள், பாஸ். எழுத்துப்பிழை மட்டும் திருத்தணுமாம். பெட்டி அத்தியாயத்தைத் தனியா கட்டுரையா போடச் சொல்றாரு, உங்க பேரையும் சேர்த்து.”

“என்ர பேரையோ? பிழை விட்டவன் எண்டோ?”

“கண்டுபிடிச்சவர்னு. ரெண்டும் ஒரே ஆள்தானேன்னு சிரிச்சாரு அங்கிள், அந்த மனுஷன் சிரிச்சாரு.” அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று கைத்தொலைபேசியோடு, சிக்னல் கிடைக்கும் வாசலுக்கு ஓடினாள். ஈப்போவில் அப்போது அம்மா தூங்கப் போயிருப்பார். இன்றைக்கு எழுப்பினால் திட்டமாட்டார்.

ஹெலன் நிதானமாக இறங்கி வந்தார். எனக்குக் கை கொடுத்தார். அதுவரை கொடுத்ததில்லை. நான் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு, மேலே இருக்கும் பெட்டிகளைக் கொண்டுவரப் போகிறேன் என்றேன்.

“கொஞ்சம் பொறு, நேதன்,” என்றார். “அவர் இன்னும் அமத்தி முடிக்கவில்லை.”